ஒரு வளவில் மூன்று கோழிக்கூடுகள்: போர் ஓய்ந்த மாவட்டத்தில் உதவிப் பணிக்குப் புதிதாக வருபவருக்கு

முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேற்றம் தொடங்கி இரண்டாம் ஆண்டு. கணக்கெடுப்புக்காக ஒரு வளவுக்குள் போனேன். முன்னால் தகரக் கூரை போட்ட கொட்டில், பின்னால் வரிசையாக மூன்று கோழிக்கூடுகள். மூன்றிலும் மூன்று நிறுவனங்களின் பெயர்த்தகடுகள். அவற்றில் ஒன்று எங்களுடையது. கோழி நின்றது ஒரு கூட்டில்தான். அடுத்ததில் விறகு அடுக்கியிருந்தது. மூன்றாவதில் ஓர் ஆட்டுக்குட்டி. வீட்டுக்காரி கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். குடிதண்ணீருக்கு அரைக் கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார். வளவிலேயே கிணறு இருந்தது; அதை இறைத்துத் துப்புரவாக்க எவரும் வரவில்லை.

"கூடு ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா?"

"வேண்டாம் என்று சொன்னால் அடுத்த பட்டியலில் என் பெயரை வெட்டிவிடுவீர்கள் தம்பி. கிணறு அந்தப் பட்டியலில்தான் வருமோ என்னவோ."

அந்த மூன்று நிறுவனங்களும் மாதம் தவறாமல் ஒரே மண்டபத்தில் கூடி, ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்தி, தேநீரும் வடையும் முடித்துக் கலைந்தவை. நானும் அந்த வடையைத் தின்றவன்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கள அலுவலர், திட்ட இணைப்பாளர், தரவு உதவியாளர் என்று பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த களம் இலங்கையின் வடக்கும் கிழக்கும். ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

1. காசு வரும் வழியைப் பாருங்கள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் திட்ட முன்மொழிவைக் கையில் தருவார்கள். நோக்கங்கள், விளைவுகள் என்று முதல் இருபது பக்கம் இருக்கும். அதைப் பிறகு படிக்கலாம். முதலில் வரவுசெலவுப் பக்கத்தைத் திறந்து நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். யாருடைய பணம்? எந்தத் தலைப்பில் வந்தது? எந்தத் தேதிக்குள் செலவழிக்க வேண்டும்? எதற்குச் செலவழிக்கக் கூடாது? நான்காவது கேள்விதான் பின்னால் உங்கள் கையைக் கட்டப் போகிறது.

பெரிய தொகைகளைக் கேட்டு மயங்க வேண்டாம். 2003 ஜூன் 9, 10 ஆகிய நாட்களில் டோக்கியோவில் இலங்கைக்கான கொடையாளர் மாநாடு நடந்தது. 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் கலந்துகொண்டன. நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டொலர் தருவதாக அறிவித்தார்கள். முதல் நாள் தலைப்புச் செய்தி அதுதான். பெரும் பங்கு ஜப்பானிடமிருந்தும் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமிருந்தும் உலக வங்கியிடமிருந்தும் வரவிருந்தது. கடனும் அந்தத் தொகைக்குள் அடக்கம். மாநாட்டில் ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தது. அந்த ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்துக்கு, அமெரிக்காவில் தடை இருந்ததால் விடுதலைப் புலிகள் போக முடியவில்லை. சில நாட்களில் அவர்கள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள், டோக்கியோவையும் புறக்கணித்தார்கள். மாநாட்டுப் பிரகடனமோ, உதவியைச் சமாதான முயற்சியின் முன்னேற்றத்தோடு முடிச்சுப் போட்டது. வடக்கு கிழக்குக்கென்று உலக வங்கியின் பொறுப்பில் திட்டமிட்ட மீள்கட்டுமான நிதியம் இயங்கத் தொடங்கவே இல்லை. அதன் செலவுகளை முடிவு செய்ய வேண்டிய இரு தரப்புக் குழு பேச்சுவார்த்தையோடு முடங்கிப்போனதுதான் காரணம்.

ஆகவே மூன்று சொற்களைப் பிரித்தறியப் பழகுங்கள்: வாக்குறுதி, ஒப்பந்தம், கொடுப்பனவு. கூட்டத்தில் எவராவது ஒரு தொகையைச் சொன்னால், இந்த மூன்றில் அது எது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பல கூட்டங்களில் ஓர் அமைதி நிலவுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. எந்த நாற்காலியில் யார்

உலக மட்டத்து ஏற்பாட்டை ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 என்ற தீர்மானம் அவசர உதவியை ஒருங்கிணைக்கத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. அதுவே 1998 முதல் மனிதாபிமான விவகாரங்களுக்கான ஒருங்கிணைப்பு அலுவலகம். எல்லோரும் ஓச்சா என்பார்கள். 2005இல் கொத்தணி முறை வந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பாளர்: சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் யுனிசெஃப், போக்குவரத்துக்கும் களஞ்சியத்துக்கும் உலக உணவுத் திட்டம். தங்குமிடத்துக்குப் பொறுப்பாளர் அழிவின் தன்மையைப் பொறுத்து மாறுவார். போர் என்றால் ஐ.நா. அகதிகள் முகவரகம், இயற்கை அனர்த்தம் என்றால் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சம்மேளனம். தறப்பாளுக்குள் படுத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது அவசர உதவியின் மேசை. அபிவிருத்திக்கு வேறு மேசை: 2005 பாரிஸ் பிரகடனம், 2011இல் தென் கொரியாவின் பூசானில் நலிந்த நாடுகளுக்காகச் செய்துகொண்ட புதிய உடன்பாடு. சமாதானத்தைக் கட்டியெழுப்புவதற்கு மூன்றாவது மேசை: 2005இல் உருவான ஐ.நா. ஆணைக்குழுவும் அதன் நிதியமும். மூன்றையும் இணைக்க வேண்டும் என்று 2016க்குப் பிறகு எல்லோரும் பேசுகிறார்கள். பணக்கார நாடுகளின் அபிவிருத்தி உதவிக் குழு 2019இல் அதைப் பரிந்துரையாகவே ஏற்றது. கோழிக்கூடு மூன்று என்றால் மேசையும் மூன்று.

மாவட்டத்தில் இந்தப் படம் அவ்வளவாக உதவாது. அங்கே நாற்காலிகள் வேறு. மேலே அரசாங்க அதிபர், அடுத்துப் பிரதேச செயலாளர், கீழே கிராம அலுவலர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், திட்டமிடல் பணிப்பாளரின் மேசைக்கு வராத திட்டம் ஊருக்கும் வராது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு வடக்கில் இன்னொரு படியும் இருந்தது. ஜனாதிபதி செயலணியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு சீமெந்து மூட்டையைக்கூட இறக்க முடியாது. வீடு, கிணறு, வீதி என்றால் கடிதம் வரும். உளவளத் துணை என்ற சொல் முன்மொழிவில் இருந்தால் இழுபடும். அதனால் சிலர் அந்த வேலையைத் தையல் பயிற்சி என்ற தலைப்பில் செய்தார்கள். சரியா என்று கேட்டால், பெண்கள் ஒன்றுகூடிப் பேசி அழ அந்தத் தையல் வகுப்பை விட்டால் வேறிடம் இருக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் போக வேண்டிய வரிசை: கச்சேரி, பிரதேச செயலகம், கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு அல்லது கடற்றொழிலாளர் சங்கம், பாடசாலை அதிபர், கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ அதன் பொறுப்பாளர். கடைசியாகத் தேநீர்க் கடை. நிறுவன வாகனத்தில் போகாதீர்கள், மோட்டார் சைக்கிளில் போங்கள். பெரிய வாகனம் வந்து நின்றால் ஊர் தன் வறுமையை எடுத்து வாசலில் வைத்துவிடும். உண்மை நிலவரம் உள்ளே தங்கிவிடும்.

3. யார், என்ன, எங்கே, எப்போது

ஒருங்கிணைப்பின் ஆதாரக் கருவி ஓர் எக்செல் அட்டவணை. யார், என்ன உதவியை, எங்கே, எப்போது செய்கிறார்கள் என்று நான்கு நிரல்கள். இதை ஒழுங்காக நிரப்பியிருந்தால் அந்த வளவில் மூன்று கூடுகள் வந்திருக்காது. நாங்கள் நிரப்பத்தான் செய்தோம். பிரதேச செயலகப் பிரிவு வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினோம். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் எத்தனையோ கிராம அலுவலர் பிரிவுகள். அந்தப் பிரிவில் மூன்று நிறுவனங்கள் வாழ்வாதார உதவி செய்கின்றன என்பதில் தவறு எதுவும் தெரியவில்லை. கிராம அலுவலர் பிரிவு வரைக்கும் இறங்குங்கள். முடிந்தால் குடியிருப்பு வரைக்கும்.

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கும். ஒரே ஊரை ஒருவர் இரட்டை எழுத்தோடும், இன்னொருவர் ஒற்றை எழுத்தோடும், மூன்றாமவர் இடைவெளி விட்டும் எழுதியிருப்பார். கணினிக்கு அவை மூன்று ஊர்கள். கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தை வைத்துப் பொருத்துங்கள். தமிழில் ஒரே பெயருள்ள ஊர்களும் உண்டு. அது வேறு தலைவலி.

குடும்பமா, ஆட்களா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "200 பயனாளிகள்" என்று எழுதியவர் குடும்பங்களைச் சொன்னாரா, தலைகளைச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் போன அனுபவம் எனக்கு உண்டு. திட்டமிட்டது, நடப்பது, முடிந்தது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள். திட்டமிட்டதை முடிந்தது போலக் காட்டுவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஓர் ஆசை உண்டு, உங்களுடையதற்கும் இருக்கும்.

எண்களைக் கையில் வைத்திருங்கள். ஸ்பியர் என்ற சர்வதேசக் குறைந்தபட்ச அளவீடுகளின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம். இவை அவசரக் கட்டத்துக்கானவை. ஐந்தாவது ஆண்டிலும் 15 லீட்டரைக் காட்டி எல்லாம் சரி என்று அறிக்கை எழுதாதீர்கள்.

இன்னொன்று. கிணறு வெட்டும் முன், வேலி நடும் முன், அந்த நிலத்துக்குக் கண்ணிவெடி அகற்றிய சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் சிவப்புத் தடியைத் தாண்டி எந்தத் திட்டமும் போகக் கூடாது.

4. ஊரைப் பிரிப்பது எது, சேர்ப்பது எது

உதவி கெடுதலும் செய்யும் என்பதை இந்தத் துறை மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு எல்லைக்கு அப்பால், இன்றைய கொங்கோவின் கோமா நகர முகாம்களில், கொலையை நடத்தியவர்களே உணவுப் பங்கீட்டைக் கையில் வைத்திருந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அங்கிருந்து வெளியேறியது. அந்தக் காலத்து அனுபவங்களைத் திரட்டி மேரி அண்டர்சன் என்பவர் 1999இல் ஒரு முறையை வகுத்தார்: ஊரைப் பிரிப்பவை எவை, சேர்ப்பவை எவை என்று இரண்டு நிரல் எழுது, உன் உதவி எந்த நிரலுக்குத் தீனி போடுகிறது என்று பார். இன்றைக்கும் இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியாது.

எழுதும்போது பொதுவாக எழுதாதீர்கள். இன முறுகல் என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. இந்த இரண்டு ஊருக்கும் ஒரே குளம். மேல்மடை அவர்களிடம், கீழ்வயல் இவர்களிடம். குளத்து மதகைத் திறக்கும் நாளை முடிவு செய்பவர் யார்? சந்தை எந்த ஊரில், அதற்கு யாரெல்லாம் வருகிறார்கள்? இந்தக் கோயில் கிணற்றில் எல்லோரும் அள்ளுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூசுவார்கள். சாதியைப் பற்றி வாய் திறக்காத ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் பலவற்றில் இருந்திருக்கிறேன். பொதுக் கிணற்றை ஊரின் எந்த முனையில் வெட்டுகிறீர்கள் என்பதே ஒரு பதில்தான். அதைத் தெரிந்து சொல்லுங்கள்.

பிரிவினையை உதவியே உண்டாக்கிய கதையைக் கிழக்குக் கரையில் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பணம் வெள்ளமாக வந்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி இருக்கின்றன. எந்த ஊருக்கு முதலில் எவ்வளவு என்ற சண்டை உடனே தொடங்கியது. அதைவிட ஆழமான கோடு வேறிடத்தில் விழுந்தது. அதே மாவட்டங்களில் போரால் பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஓலைக் குடிசையில் இருந்தவர்கள் உண்டு. சுனாமிக்கு என்று வந்த பணத்தை அவர்களுக்குச் செலவழிக்க முடியாது. கொடையாளரின் தலைப்பு அப்படி. கடலால் வீடிழந்தவருக்குக் கல்வீடு, ஷெல்லால் வீடிழந்தவருக்கு அதே பழைய ஓலை. இரண்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில்.

வடக்கில் இதையே ஒரு தேதி செய்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள், அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் பழையவர்கள் என்று உதவிப் பட்டியல்கள் பிரிந்தன. முன்னுரிமை புதியவர்களுக்கு. முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் நின்றார்கள். புத்தளத்தில் இருபது ஆண்டு கழித்துத் திரும்பியபோது, ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பமாக வந்தார்கள். பட்டியல் அவர்களை ஒரு காணி, ஒரு குடும்பம் என்று எண்ணியது. அவர்கள் காணியில் காடு வளர்ந்திருந்தது. சிலவற்றில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். தேதியைத் தீர்மானித்தவர் எவரும் கெட்ட எண்ணத்தில் தீர்மானிக்கவில்லை. உங்கள் தெரிவு நிபந்தனைகளில் தேதி ஒன்று இருந்தால், அதற்கு மறுபக்கம் நிற்பவர் யார் என்று கூட்டத்திலேயே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

5. பட்டியல்

உங்கள் வேலையின் உயிர் இங்கேதான். அறிக்கைகளில் ஒற்றுமை, நல்லிணக்கம் என்று எவ்வளவு எழுதினாலும், ஊர்க்காரர் உங்களை எடைபோடுவது அறிவித்தல் பலகையில் ஒட்டிய ஒரு தாளை வைத்து.

நிபந்தனைகளை ஊர்க்கூட்டத்தில் வைத்து, பெயர்கள் வரும் முன்பே, முடிவு செய்யுங்கள். பெயர்கள் வந்த பிறகு நிபந்தனை பேசினால் அது பெயர்களைப் பற்றிய சண்டையாகத்தான் இருக்கும். கூட்டத்தை மாலையில் வையுங்கள். காலையில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் வரமாட்டார், வராதவர் பட்டியலிலும் இருக்கமாட்டார். கிராம அலுவலர் தரும் பட்டியலையும் சங்கங்கள் தரும் பட்டியலையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள்ள பெயர்களில் பிரச்சினை குறைவு. ஒன்றில் மட்டும் உள்ள பெயர்களின் வீட்டுக்கு நீங்களே போங்கள். இரண்டிலும் இல்லாத வீடுகளுக்கு அவசியம் போங்கள். ஊரின் ஓரத்தில், ஒழுங்கையின் முடிவில், அப்படி நாலைந்து வீடு எப்போதும் இருக்கும்.

பிறகு வரைவுப் பட்டியலை ஒரு வாரம் பொது இடத்தில் ஒட்டுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். முஸ்லிம், சிங்களக் குடும்பங்களும் இருந்தால் எல்லோரும் வாசிக்கக்கூடிய மொழிகளில். முறைப்பாட்டுப் பெட்டி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்ல ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். முறைப்பாட்டை விசாரிப்பவர் பட்டியலைத் தயாரித்தவராக இருக்கக் கூடாது.

புள்ளி முறை வைத்தால் அதன் ஓட்டைகளை முதலே பாருங்கள். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. பெரும்பாலானவற்றை உரிமையாளரே கட்ட, 550,000 ரூபாய் தவணை தவணையாக அவரது வங்கிக் கணக்கில் நேரே விழுந்தது. நடுவில் ஒப்பந்தக்காரர் இல்லை, அலுவலர் கை இல்லை. நான் பார்த்த ஏற்பாடுகளில் நல்லவற்றில் ஒன்று அது. ஆனாலும் குடும்பத்தில் ஆட்கள் கூடினால் புள்ளியும் கூடும் என்றால், தனியாக இருக்கும் முதியவரும் புதிதாக மணமுடித்தவரும் கீழே போய்விடுவார்கள். காணி உறுதி போரில் எரிந்துபோனவர் வரிசையிலேயே நிற்க முடியாது. தெரிவானவர்களுக்கும் வேறு தொல்லை: எல்லோரும் ஒரே மாதத்தில் அத்திவாரம் போட்டதால் மணல் விலை ஏறியது, மேசன் கிடைக்கவில்லை. நகையை அடகு வைத்துக் கூரை போட்டவர்களை எனக்குத் தெரியும். அதே காலத்தில் வேறு நிறுவனங்களும் வேறு தொகைக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தால் அந்த மணலுக்கே போட்டி. வீட்டுத் தொகையை மட்டும் ஒருங்கிணைத்தால் போதாது. மணல் அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்து ஒருங்கிணைக்க வேண்டும்.

ஊரைக் கேட்காமல் மேலிருந்து வரும் திட்டத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று அறிவித்தார்கள். ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். வன்னி வெயிலில் இரும்புச் சுவருக்குள் யார் இருப்பது, இந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே, அந்தக் கூலி உள்ளூர் மேசனுக்குப் போகுமே என்று மக்கள் எதிர்த்தார்கள். திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

புனர்வாழ்வு பெற்று வெளிவந்த முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர். அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டால் ஊர் அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும். பட்டியலே போடாவிட்டால் அவர்களுக்கு வேலை கொடுக்க எவரும் முன்வரமாட்டார்கள். நாங்கள் செய்தது, அவர்களும் அயலவர்களும் கலந்த சிறு குழுக்களுக்கு உதவுவது. சில குழுக்கள் நன்றாக நடந்தன. சில குழுக்களில் இயந்திரத்தைப் பங்கு போடுவதில் சண்டை வந்து, அது துருப்பிடித்தே போனது.

6. கூட்டம்

நிகழ்ச்சி நிரல் முதல் நாளே வர வேண்டும். தமிழில் பேச வேண்டும். வெளிநாட்டவர் ஒருவருக்காக முப்பது பேர் தடுமாறுவதைவிட அந்த ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைப்பது சுலபம். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று முடிவுகளை மட்டும் குறிப்பில் எழுதுங்கள். ஒரே விடயம் மூன்று கூட்டத்தில் "தொடர்ந்து ஆராயப்படும்" என்று பதிவானால், அதைத் தீர்க்கக்கூடியவர் அந்த அறையில் இல்லை என்று பொருள். அவரைத் தேடிப் போங்கள். வடை நன்றாக இருந்தால் சாப்பிடுங்கள்.

7. துப்பாக்கி உள்ளவர்களும் உங்கள் தரவும்

மனிதாபிமானம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுயாதீனம் என்று நான்கு கொள்கைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். செய்யுங்கள். அவை உங்களைக் காக்கும் கவசம் என்று மட்டும் எண்ண வேண்டாம். 2006 ஓகஸ்டில் திருகோணமலை மாவட்டத்து மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டுப் பணியாளருக்கு விமானம் இருக்கும்; உள்ளூர்ப் பணியாளருக்கு வெளியேற என்ன ஏற்பாடு என்று வேலையில் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள்.

2008 செப்டெம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு அறிவித்தது, ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டு வவுனியாவுக்கு வந்தன. போக வேண்டாம் என்று மக்கள் அலுவலக வாசலில் திரண்டு கேட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் சொந்த உள்ளக ஆய்வே போரின் கடைசி மாதங்களில் தங்கள் அமைப்பு பெரிதும் தவறியது என்று எழுதியது. அப்போதும் கூட்டங்கள் நடந்தன, அட்டவணைகள் நிரம்பின. தெரிந்த கொலைக்கணக்கை உரத்துச் சொல்ல எவரும் இல்லாதபோது ஒருங்கிணைப்பு வெறும் களஞ்சியக் கணக்காகிவிடும். புதியவரான உங்களிடம் இதைச் சொல்வது பாரம் ஏற்றத்தான், ஏற்றிக்கொள்ளுங்கள்.

நாளாந்த வேலையில் இதற்கு மூன்று வழக்கங்கள். சீருடைக்காரர் கையால் பொருள் வழங்க விடாதீர்கள். இராணுவ முகாமைக் கடந்து போக அனுமதி வேண்டும் என்றால் எழுத்தில் கேட்டு, அனுமதியை மட்டும் பெறுங்கள். குடும்ப விபரத் தாளில் தேவையில்லாத கேள்வி கேட்காதீர்கள். "இயக்கத்தில் இருந்தவர் உண்டா" என்ற நிரல் கோழிக்கூடு கொடுக்கத் தேவையா? பெயர்ப் பட்டியலை மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். எண்ணிக்கையைப் பகிருங்கள், பெயரைப் பூட்டி வையுங்கள்.

8. உதவி சமாதானத்தைக் கொண்டுவருமா

நேர்முகத் தேர்விலேயே இதைக் கேட்பார்கள். 2004 சுனாமி என்ற ஒரே அலை இரண்டு போர்க்களங்களில் மோதியது: இந்தோனேசியாவின் ஆச்சே, இலங்கை. ஆச்சேயில் 160,000க்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். இந்தோனேசிய அரசு 2005இல் குந்தோரோ மங்குசுப்ரொத்தோ தலைமையில் மீள்கட்டுமானத்துக்கு ஒரே முகவரகத்தை அமைத்தது. நான்கு ஆண்டு வேலை, 2009இல் மூடு. அதே 2005 ஓகஸ்ட் 15 அன்று, பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி ஆதிசாரியின் நடுவண்மையில் அரசும் சுதந்திர ஆச்சே இயக்கமும் ஹெல்சிங்கியில் உடன்பாடு செய்தன. இலங்கையில் 2005 ஜூன் 24 அன்று சுனாமி உதவியைப் பகிர அரசும் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை இடைநிறுத்தியது. அது இயங்கவே இல்லை.

பணம் இரண்டு இடத்துக்கும் வந்தது. ஆச்சேயில் அரசியல் தரப்புகள் உடன்பாட்டுக்குத் தயாராக இருந்தன, இங்கே இருக்கவில்லை. அங்கேயும் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். சுனாமிக்கு ஒரு முகவரகம், போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2006இல் வேறொன்று, இரண்டாவதில் காசு குறைவு. நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டபோது, ஆம் என்று நீளமாகச் சொல்லி வேலையை வாங்கினேன். இன்றைக்குக் கேட்டால், உதவியால் ஒரு குளத்துச் சண்டையைத் தணிக்க முடியும், ஒரு சண்டையை மூட்டவும் முடியும், போரை நிறுத்த முடியாது என்பேன்.

9. விட்டுப் போகும்போது

நீங்கள் கட்டாயம் போவீர்கள். 2016இல் இஸ்தான்புல் உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டன; அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க அரசின் உதவி முகவரகமான யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. திட்டம் முடியும் தேதிக்கு முன்பே முடிந்துவிடலாம் என்று எண்ணியே தொடங்குங்கள்.

ஆகவே ஒப்படைப்புக் கோப்பை முதல் மாதமே திறந்து வையுங்கள். மூன்று பிரதி: ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று மாதர் சங்கத் தலைவியின் தகரப் பெட்டிக்கு. மூன்றாவதுதான் தப்பிப் பிழைக்கும். கிணற்று மோட்டருக்கு மின் கட்டணம் யார் பெயரில், மாதம் வீட்டுக்கு எவ்வளவு சேர்ப்பது, காசை வைத்திருப்பவர் யார், கணக்கைப் பார்ப்பவர் யார் என்று எழுதுங்கள். முன்னால் நின்ற ஒரு திட்டத்தில் நாங்கள் ஐந்து குழாய்க் கிணறு கொடுத்துவிட்டுப் போனோம். மூன்றாண்டு கழித்துப் போனபோது இரண்டு ஓடின. மற்ற மூன்றிலும் பழுது ஒன்றுதான்: கைப்பம்பின் தோல் வாஷர் தேய்ந்திருந்தது. அது எந்த அளவு, எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்பதையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, பழைய வாஷர் ஒன்றை மாதிரிக்குக் கம்பியில் கட்டி அதோடு தொங்கவிடுங்கள்.